பூங்காவைப் பார்த்த வீடுகள்: ரேட்பர்ன் புறநகர், ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் ரேட்பர்ன் புறநகரில் ஒரு வீட்டுக்கு முன்பக்கம் எது என்று கேட்டால் இரண்டு பதில்கள் வரும். வீட்டை வரைந்தவர்களுக்குப் பூங்கா இருக்கும் பக்கம்தான் முன்பக்கம். கூடமும் படுக்கையறைகளும் அந்தப் பக்கம் பார்த்தவை. சமையலறையும் கார் கொட்டகையும் மறுபுறம், ஒரு முட்டுச்சந்தைப் பார்த்தபடி இருக்கும். குடிவந்தவர்களோ சந்துப் பக்கக் கதவையே வாசலாக்கிக்கொண்டார்கள். கார் அங்கேதான் வந்து நின்றது. விருந்தாளி அங்கேதான் இறங்கினார். கடைச் சாமானும் அங்கேதான் வந்து சேர்ந்தது.

இந்தச் சின்னப் புரட்டலை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. பெருநகரத்துக்குப் பக்கத்தில், பிள்ளைகுட்டிகளோடு நிம்மதியாக வாழ ஒரு புறநகர் எப்படி இருக்க வேண்டும் என்று யோசித்து, தாளில் வரைந்து, கட்டியும் காட்டிய இடங்களில் ரேட்பர்னுக்குத் தனி மதிப்பு உண்டு. 1929இல் முதல் குடும்பங்கள் வந்தன. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆகியும் குடும்பங்கள் விரும்பிக் குடியேறும் இடமாகவே அது இருக்கிறது. அதன் வரைபடத்தைப் பல நாடுகள் நகலெடுத்தன. அந்த நகல்களில் சில இடிக்கப்பட்டுவிட்டன. ஒரே வரைபடம் ஓரிடத்தில் தழைத்ததும் இன்னோரிடத்தில் பட்டுப்போனதும் ஏன்?

என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரேட்பர்னின் சாலைகளையும் சந்துகளையும் எல்லாரும் பாராட்டுகிறார்கள், அது நியாயம்தான். ஆனால் அந்த ஊரை நிற்க வைத்தது ஒரு பத்திரம். பொது இடத்தை யார் பார்த்துக்கொள்வது, அதற்கு யார் காசு கொடுப்பது என்பதை வீடுகள் கைமாறும் முன்பே எழுத்தில் கட்டி வைத்திருந்தார்கள். பின்னாளில் ஊரை நீதிமன்றத்துக்கு இழுத்ததும் அதே ஏற்பாடுதான்.

கீரை வயலில் ஓர் ஊர்

ரேட்பர்ன் தனி நகராட்சி அல்ல. அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில், பெர்கன் மாவட்டத்தில், ஃபேர் லான் என்ற நகராட்சிக்குள் அடங்கிய ஒரு பகுதி. நியூயார்க் நகரின் மன்ஹாட்டனிலிருந்து ஏறத்தாழ 16 மைல். ரயில் நிலையம் நடக்கும் தூரத்தில் இருக்கிறது. கட்டுவதற்கு முன் அங்கே கீரை விளைந்துகொண்டிருந்தது.

அந்தக் காலத்தின் அச்சம் கார். 1920இல் அமெரிக்காவில் ஓடிய பயணிகள் கார்கள் சுமார் 80 லட்சம். 1929இல் அது 2.3 கோடியைத் தாண்டியது. ஊர்களோ சதுரங்கப் பலகை போலக் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிய தெருக்களோடு இருந்தன. அப்படிப்பட்ட ஊரில் எந்தத் தெருவும் வீட்டுத் தெருவாக மட்டும் இருக்க முடியாது. எந்தத் தெருவில் நுழைந்தாலும் மறுமுனையில் வெளியேறிவிடலாம் என்பதால், அவசரக்காரர்கள் எல்லாத் தெருவிலும் நுழைந்தார்கள். பிள்ளைகள் விளையாடியதும் அதே தெருவில்தான்.

இதற்கு மாற்றுத் தேடியவர்கள் கிளாரன்ஸ் ஸ்டைன், ஹென்றி ரைட் என்ற இரண்டு திட்டக்காரர்கள். பணத்தைத் திரட்டியவர் அலெக்சாண்டர் பிங். மன்ஹாட்டனில் கட்டடம் கட்டிப் பணம் பார்த்தவர் அவர். 1924இல் சிட்டி ஹவுசிங் கார்ப்பரேஷன் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, முதலீட்டாளர்களுக்கு ஆண்டுக்கு 6 சதவீதத்துக்கு மேல் ஈவுத்தொகை கிடையாது என்று வரம்பு வைத்தார். அதே ஆண்டு ஸ்டைனும் ரைட்டும் இங்கிலாந்து சென்று எபினேசர் ஹோவர்டைச் சந்தித்தார்கள். நகரத்தின் வேலைவாய்ப்பையும் நாட்டுப்புறத்தின் காற்றையும் ஒரே ஊரில் சேர்க்கும் பூங்கா நகரம் என்ற யோசனையை முன்வைத்தவர் அவர்.

நிறுவனத்தின் முதல் வேலை நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் எழுந்த சன்னிசைடு கார்டன்ஸ். 1924 முதல் 1928 வரை கட்டினார்கள். எழுத்தாளர் லூயிஸ் மம்ஃபர்டு அங்கே குடியிருந்தார். ஆனால் அங்கே தெருக்கள் ஏற்கெனவே போடப்பட்டிருந்தன, அவற்றை மாற்ற அனுமதி கிடைக்கவில்லை. தெருக்களுக்கு நடுவே அடைபட்ட கட்டத்துக்குள் என்ன செய்யலாமோ அதை மட்டும் செய்துவிட்டு, அடுத்த முறை வெறும் நிலத்தில்தான் தொடங்குவது என்று முடிவெடுத்தார்கள். அப்படி வந்தது ரேட்பர்ன். சுமார் இரண்டு சதுர மைல் நிலத்தில், மூன்று குடியிருப்புப் பகுதிகளாக, 25,000 பேருக்கான ஊர் என்பது திட்டம்.

தரையில் என்ன நடந்தது

வழக்கமான நகரக் கட்டம் ஒன்று சில ஏக்கர்தான் இருக்கும். ரேட்பர்னில் 30 முதல் 50 ஏக்கர் வரை ஒரே கட்டமாக்கினார்கள். அதைப் பெருங்கட்டம் என்று சொல்லலாம். கார்கள் வேகமாகப் போகும் சாலைகள் அந்தக் கட்டத்தைச் சுற்றித்தான் ஓடும், உள்ளே ஊடுருவாது. சுற்றுச்சாலையிலிருந்து உள்நோக்கி முட்டுச்சந்துகள் நீளும். ஒவ்வொன்றும் 300, 400 அடி நீளம், இரு பக்கமும் சேர்த்து 15, 20 வீடுகள். சந்து முடிகிற இடத்துக்கு அப்பால் காரில் போக வழியே இல்லை. அங்கே வீடு இல்லாதவருக்கு அந்தச் சந்தில் நுழைய வேலையும் இல்லை.

முட்டுச்சந்து என்ற சொல்லைத் தமிழில் பெரும்பாலும் போக வழியற்ற நிலைக்கே பயன்படுத்துகிறோம். ரேட்பர்னில் அதுதான் பாதுகாப்பு. அந்தச் சந்துக்குள் வரும் வண்டி எது, யாருடையது என்று அங்கே குடியிருக்கும் சிறுவனுக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

வீடுகளுக்குப் பின்னால், அதாவது வரைந்தவர்கள் முன்பக்கம் என்று சொன்ன பக்கத்தில், நடைபாதைகள். அவை எல்லாம் கட்டத்தின் நடுவில் நீண்டு கிடக்கும் பூங்காவில் போய்ச் சேரும். ஒரு பெருங்கட்டத்தின் பூங்காவிலிருந்து அடுத்ததற்குப் போக இடையில் ஹோவர்ட் அவென்யூ குறுக்கிடுகிறது. அதன் அடியில் நடப்பவர்களுக்கென்று ஒரு சிறு சுரங்கப்பாதை வைத்தார்கள். மேலே கார், கீழே மனிதர். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் 19ஆம் நூற்றாண்டிலேயே வண்டிப்பாதையையும் நடைபாதையையும் இப்படிப் பிரித்திருந்தார்கள். அந்த உத்தியைக் குடியிருப்புக்குக் கொண்டுவந்ததுதான் ரேட்பர்னின் புதுமை. வீட்டுப் பின்கதவில் கிளம்பும் ஏழு வயதுக் குழந்தை, பெருஞ்சாலை எதையும் கடக்காமல் பள்ளிக்கூட வாசலை அடைந்துவிடலாம்.

பள்ளிக்கூடத்தை நடுவில் வைத்து, அதை நடந்தே அடையும் தூரத்தை எல்லையாக வைத்துக் குடியிருப்பை அளப்பது அப்போது பேசப்பட்டுக்கொண்டிருந்த யோசனை. கிளாரன்ஸ் பெர்ரி என்பவர் நியூயார்க் வட்டாரத் திட்டத்துக்காக 1929இல் அதை விரிவாக எழுதினார். ரேட்பர்ன் அதே காலத்தில் அதைத் தரையில் இறக்கியது.

செலவுக் கணக்குதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. இவ்வளவு பூங்கா வைத்தால் வீட்டு விலை எகிறாதா என்பது எவருக்கும் எழும் கேள்வி. ஸ்டைன் அதற்குக் கணக்கோடு பதில் சொன்னார். சந்துகள் குறுகலானவை. குழாய்களும் கம்பிகளும் குறைந்த தூரமே போனால் போதும். வழக்கமான அமெரிக்கத் தெரு அமைப்போடு ஒப்பிட்டால் சாலைப் பரப்பும் குழாய் நீளமும் 25 சதவீதம் குறைந்தன. அந்த மிச்சத்திலேயே, மொத்த நிலத்தில் 12 முதல் 15 சதவீதம் வரை உட்பூங்காவாக விட முடிந்தது. மண்ணைச் சமன்படுத்தி மரம் நட்ட செலவும் அதிலேயே அடங்கிவிட்டது. யாரும் தானம் செய்யவில்லை. தேவையில்லாத தாரைக் குறைத்து அந்தப் பணத்தைப் புல்லில் போட்டார்கள். இன்றும் புறநகர் மனைப்பிரிவு போடுகிறவர்கள் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தாலே போதும் என்று நினைக்கிறேன்.

பூங்காக்களை வடிவமைத்தவர் மார்ஜரி சூவல் காட்லி. நிலக்காட்சி வடிவமைப்பில் பெண்கள் அரிதாக இருந்த காலத்தில் பெரிய வேலைகளை எடுத்துச் செய்தவர். வெளிநாட்டு அலங்காரச் செடிகளை வரவழைத்து அடுக்காமல், அந்த மாநிலத்தின் காடுகளில் தானாக வளரும் மரங்களையும் புதர்களையுமே அதிகம் பயன்படுத்தினார். வீட்டுத் தோட்டத்துக்கும் பொதுப் பாதைக்கும் நடுவே மதில் இல்லை, புதர்வேலிதான். வீட்டில் இருப்பவருக்கு மறைவு கிடைக்கிறது, பாதையில் நடப்பவருக்குச் சுவரோரம் நடக்கும் உணர்வு வருவதில்லை. ஸ்டைன், ரைட் பெயர்கள் பாடப்புத்தகங்களில் நிலைத்துவிட்டன. ரேட்பர்னில் இன்று ஒருவர் கண்ணால் பார்த்து மகிழ்வதில் பாதிக்கு மேல் காட்லி நட்டது. அவர் பெயரையும் அதே மூச்சில் சொல்வதுதான் முறை.

இனி முதலில் சொன்ன புரட்டலுக்கு வருகிறேன். பிள்ளைகள் பூங்காவில்தான் விளையாடுவார்கள் என்று வரைந்தவர்கள் நினைத்தார்கள். விளையாடவும் செய்தார்கள். ஆனால் சந்திலும் அதே அளவுக்கு ஆட்டம் நடந்தது. மூன்று சக்கர வண்டி ஓட்டவும் பந்து தட்டவும் புல்லைவிடக் கெட்டித் தரைதான் தோது. பின்னாளில் ஸ்டைனே இதை ஒப்புக்கொண்டார். இதைத் திட்டத்தின் பிழை என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சமையலறை ஜன்னல் சந்தைப் பார்த்து இருந்தது. வேலை செய்துகொண்டே வீட்டுப் பெரியவர் ஒருவர் கண்ணைத் தூக்கினால் பிள்ளை தெரியும். வண்டி வந்தால் மெதுவாகத்தான் வரும். வரைந்தவர்கள் சரக்கு இறங்கும் இடம் என்று ஒதுக்கிய சந்து, பிள்ளைகள் ஓடியாடும் முற்றமாகவும் ஆனது. இரண்டு பக்கமும் ஆள் நடமாட்டம் இருந்ததால் இரண்டு பக்கமும் கண்காணிப்பில் இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நகல்களைப் பற்றிப் பேசும்போது வேண்டியிருக்கும்.

பத்திரத்தில் இருந்தது

பூங்கா போட்டாயிற்று. அதை யார் வெட்டிச் சீர்செய்வது? ஃபேர் லான் அப்போது சிறிய ஊர், அதன் நகராட்சிக்கு அந்தப் பலம் இல்லை. சார்லஸ் ஆஷர் என்ற வழக்கறிஞர் இதற்கொரு சட்ட வடிவம் எழுதினார். பூங்காவும் நடைபாதையும் ரேட்பர்ன் சங்கம் என்ற இலாப நோக்கற்ற அமைப்பின் பெயரில் இருக்கும். ஒவ்வொரு வீட்டுப் பத்திரத்திலும் ஒரு நிபந்தனை ஏறியிருக்கும். வீட்டை வாங்குகிறவர் ஆண்டுதோறும் சங்கத்துக்குக் கட்டணம் செலுத்த வேண்டும், வெளித்தோற்றத்தை மாற்றுவதானால் சங்கத்தின் ஒப்புதல் வாங்க வேண்டும். அவர் வீட்டை விற்றாலும் நிபந்தனை அழியாது, அடுத்தவர் தலையில் ஏறும்.

இன்று உலகெங்கும் அடுக்ககங்களிலும் மதில் சூழ்ந்த குடியிருப்புகளிலும் வாங்கப்படும் பராமரிப்புக் கட்டணத்தின் முன்னோடிகளில் இது ஒன்று. ரேட்பர்னில் அந்தப் பணம் புல் வெட்டுவதோடு நிற்கவில்லை. சிறுவர் பள்ளி, பெரியவர்களுக்கான வகுப்புகள், நாடகக் குழு, கோடை விளையாட்டு என்று ஆட்களை வெளியே வரவழைக்கும் வேலைகளுக்கும் போனது. இன்று சங்கத்தின் பொறுப்பில் 23 ஏக்கர் பூங்கா, இரண்டு நீச்சல் குளங்கள், டென்னிஸ் தளங்கள், பந்து மைதானங்கள், நூலகமும் உடற்பயிற்சிக் கூடமும் உள்ள சமூகக்கூடம் எல்லாம் இருக்கின்றன. சுமார் 670 குடும்பங்கள் இவ்வளவையும் சுமக்கின்றன.

புல்லைவிட இந்தச் சுமத்தல்தான் முக்கியம் என்று நினைக்கிறேன். பூங்காவில் பெஞ்சு உடைந்தால் யாரிடம் சொல்வது என்று ரேட்பர்னில் யாரும் குழம்ப வேண்டியதில்லை. அலுவலகம் ஊருக்குள்ளேயே இருக்கிறது, காசு கொடுத்தவர் போய்க் கேட்கிறார்.

1970இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒப்பீடு ஒன்று இந்த ஊரின் அன்றாடத்தைக் காட்டுகிறது. ரேட்பர்ன் குடியிருப்போரில் 47 சதவீதம் பேர் மளிகைக் கடைக்கு நடந்தே போய்வந்தார்கள். வர்ஜீனியாவில் 1960களில் திட்டமிட்டுக் கட்டப்பட்ட ரெஸ்டன் என்ற ஊரில் அது 23 சதவீதம். அருகிலிருந்த, திட்டமிடாமல் வளர்ந்த ஒரு குடியிருப்பில் 8 சதவீதம். எல்லா வீட்டிலும் கார் நுழைந்துவிட்ட காலத்தில் எடுத்த கணக்கு இது. கார் காலத்துக்கான ஊர் என்ற பெயரோடு விற்கப்பட்ட இடத்தில் மக்கள் நடந்தார்கள்.

முப்பதுகளில் நடந்தது

முதல் குடும்பங்கள் வந்தது 1929 மே மாதம். பங்குச் சந்தை சரிந்தது அதே ஆண்டு அக்டோபரில். ஏறத்தாழ ஐந்து மாதம்தான் கிடைத்தது. வீடு வாங்கியவர்கள் வேலையிழந்தார்கள், தவணை கட்ட முடியாமல் வீடுகளையும் இழந்தார்கள். சன்னிசைடில் கடன் தவணையைக் கட்டமாட்டோம் என்று குடியிருப்போர் வேலைநிறுத்தம் போல ஒரு போராட்டமே நடத்தினார்கள். இலாபத்துக்கு வரம்பு வைத்த நிறுவனமும் தப்பவில்லை, 1930களின் நடுப்பகுதிக்குள் திவாலானது. 25,000 பேருக்கு நினைத்த ஊர் 149 ஏக்கரோடு நின்றது. மீதி நிலம் விற்கப்பட்டு, அங்கே வழக்கமான தெருக்களும் வீடுகளும் வந்தன.

தொழிற்சாலைகள் வரும், குடியிருப்பவர்கள் அங்கேயே வேலை பார்ப்பார்கள் என்ற பூங்கா நகரக் கனவும் அதோடு போயிற்று. ஊரைச் சுற்றிப் பசுமை வளையம் அமைக்கவும் நிலம் இல்லை. வேலைக்கு ரயிலேறிப் பெருநகரம் போய்த் திரும்பும் புறநகராக ரேட்பர்ன் மாறிவிட்டது. அதன் சிற்பிகளுக்கு அது வருத்தம். ஆனால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். கட்டிய நிறுவனம் செத்த பிறகும் சங்கம் சாகவில்லை. பூங்காவின் உரிமை நிறுவனத்திடம் இருந்திருந்தால் கடன்காரர்கள் அதையும் துண்டு போட்டிருப்பார்கள். தனிப் பெயரில் இருந்ததால் தப்பியது.

யாருக்கு இடமில்லை

குடும்பங்களுக்கு ஏற்ற ஊர் என்று சொல்லும்போது எந்தக் குடும்பங்கள் என்று கேட்காமல் இந்த ஆய்வை முடிப்பது நேர்மையாகாது.

ஆரம்ப காலத்தில் ரேட்பர்ன் வீடுகள் யூதர்களுக்கும் கறுப்பின மக்களுக்கும் போய்ச் சேராதபடி விற்பனைத் தரப்பு பார்த்துக்கொண்டது. ஊரை வரைந்த ஸ்டைனும் பணம் திரட்டிய பிங்கும் யூதர்கள் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது. குறைந்த வருமானக்காரர்களுக்கும் நல்ல வீடு என்பது அவர்களுடைய தொடக்ககால ஆசை. நிலவிலையும் கட்டுமானச் செலவும் சேர்ந்ததில் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கு எட்டாத ஊராகவே அது அமைந்தது. குடிவந்தவர்களில் பெரும்பாலோர் படித்த, அலுவலக வேலை பார்க்கும் நடுத்தரக் குடும்பத்தினர்.

பிற்காலத்தில் இது மாறியது. ஃபேர் லான் இன்று யூதக் குடும்பங்கள் கணிசமாக வாழும் ஊர். ஆனால் முதல் தலைமுறையில் விற்பனை மேசையில் நடந்தது திட்டத்தின் வெளியே நடந்த விபத்து என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. ஒத்த வருமானமும் ஒத்த பழக்கமும் உள்ளவர்களை ஓரிடத்தில் சேர்த்துவிட்டு, பிறகு அங்கே ஒற்றுமை நிலவுகிறது என்று பாராட்டுவதில் ஒரு குறை இருக்கிறது. ரேட்பர்னைப் போற்றும் பல கட்டுரைகள் இந்தப் பக்கத்தைத் திருப்பாமலே போய்விடுகின்றன.

நகல்கள்

அமெரிக்க அரசே கட்டிய மேரிலாந்தின் கிரீன்பெல்ட் முதல் நல்ல நகல். 1937இல் குடியேற்றம். பெருங்கட்டம், உட்பூங்கா, நடப்பவர்களுக்கான சுரங்கப்பாதை எல்லாம் அங்கே உண்டு. ஸ்டைன் ஆலோசகராக இருந்தார். 1952இல் அரசு கையைக் கழுவியபோது, வீடுகளில் பெரும்பாலானவற்றைக் குடியிருப்போரின் கூட்டுறவுச் சங்கம் வாங்கிக்கொண்டது. ஊர் நன்றாகவே இருக்கிறது. சண்டிகருக்கு முதல் திட்டம் போட்ட ஆல்பர்ட் மேயரும் ஸ்டைனின் யோசனைகளை நெருங்கி அறிந்தவர். 1951இல் பொறுப்பேற்ற லெ கொர்பூசியே திட்டத்தை மாற்றினாலும், 1,200க்கு 800 மீட்டர் அளவுள்ள செக்டர்களின் ஊடே பசுமைப் பட்டை ஓடுவதைப் பார்த்தால் உறவு புரியும்.

இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் கதை வேறு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநில அரசு 1960களின் இறுதியிலிருந்து சிட்னியின் வெளிவட்டத்தில் வாடகைக் குடியிருப்புகளை ரேட்பர்ன் பாணியில் கட்டியது. மின்ட்டோ, கிளேமோர், ஏர்ட்ஸ் போன்ற இடங்கள் அவை. வீடுகள் பொதுப் புல்வெளியைப் பார்த்தன, கார்கள் பின்சந்துக்கு வந்தன. வரைபடத்தில் ரேட்பர்னும் இதுவும் அக்கா தங்கை மாதிரி இருக்கும்.

தரையில் நடந்தது இது. பின்சந்துப் பக்கம் வீட்டுக்காரர்களுக்கு உயர்ந்த வேலி கிடைத்தது. வேலிக்குப் பின்னால் சமையலறையிலிருந்து பார்த்தால் சந்து தெரியாது. புல்வெளிப் பக்கமோ யாருக்கும் சொந்தமில்லாத இடம். அதற்கென்று சங்கமும் இல்லை, கட்டணமும் இல்லை, மாலையில் ஆட்களைக் கூட்டும் நிகழ்ச்சியும் இல்லை. புல்லை வெட்டுவது வீட்டு வசதித் துறையா நகராட்சியா என்பதே இழுபறி. வீடு பார்க்க வருபவருக்கு எந்தப் பக்கம் தட்டுவது என்று தெரியாது. வீடுகளுக்கு நடுவே வளைந்து நெளிந்து போகும் நடைபாதைகளில் இருட்டிய பிறகு நடக்கப் பயந்தார்கள். ரேட்பர்னில் இரண்டு பக்கமும் கண் இருந்தது. இங்கே இரண்டு பக்கமும் முதுகு.

இதை வரைபடத்தின் தலையில் மட்டும் கட்டுவதும் தவறு. வேலை கிடைக்கும் இடங்களிலிருந்து தொலைவில், போக்குவரத்து குறைந்த ஓரத்தில், வறுமையில் வாடும் குடும்பங்களையே ஒரே இடத்தில் குவித்தால் எந்த வரைபடமும் திணறும். என்றாலும், வீட்டு வசதித் துறைகள் கடைசியில் வரைபடத்தைத்தான் திருத்தின. மின்ட்டோவில் 2002இல் அறிவித்த மறுசீரமைப்பில் ஏராளமான வீடுகள் இடிக்கப்பட்டு, தெருவைப் பார்த்த வீடுகள் எழுந்தன. இடம்பெயரச் சொன்னபோது அங்கே வாழ்ந்தவர்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வெளியாருக்கு அது தோற்ற குடியிருப்பு, அவர்களுக்கு அது பிள்ளை வளர்த்த வீடு. இங்கிலாந்தில் 1970களில் ரேட்பர்ன் பாணியில் திருப்பிக் கட்டப்பட்ட நாட்டிங்காமின் மெடோஸ் பகுதியும் இதே சிக்கல்களைச் சந்தித்தது, பின்னாளில் தெரு அமைப்பைத் திருத்த வேண்டியதாயிற்று.

இந்த நகல்களைச் செய்தவர்கள் அசலின் சாலைகளைப் பார்த்தார்கள், பத்திரத்தைப் படிக்கவில்லை. ரேட்பர்னின் உட்பூங்கா ஒரு வெற்றிடம் அல்ல, ஒரு செலவினம். ஆண்டுதோறும் யாராவது கொடுத்தாக வேண்டிய செலவினம். அந்தச் செலவுக் கணக்கை விட்டுவிட்டு மீதியைக் கட்டினார்கள்.

காசு கொடுத்தவருக்கு வாக்கு

இவ்வளவு நல்லது செய்த பத்திரத்தின் இன்னொரு பக்கம் 2000களில் வெளிப்பட்டது. 1929இல் எழுதியவர்கள் சங்கத்தைக் குடியிருப்போர் கையில் கொடுக்கவில்லை. கட்டணம் செலுத்துகிற எல்லாரும் உறுப்பினர் ஆகிவிட மாட்டார்கள். அறங்காவலர்களும் முன்னாள் அறங்காவலர்களும்தான் முழு உறுப்பினர்கள். யார் வேட்பாளர் என்பதை அவர்கள் பொறுக்கி எடுப்பார்கள், அந்தப் பட்டியலிலிருந்து குடியிருப்போர் தேர்ந்தெடுக்கலாம். ஊரை நன்றாக நடத்தத் தெரிந்தவர்கள் நடத்தட்டும் என்ற அந்தக் காலத்து நம்பிக்கை அது. எழுபது ஆண்டுகளுக்கு மேல் பெரிய முணுமுணுப்பில்லாமல் ஓடியது, பூங்கா நன்றாக இருந்ததால்.

டேலி மைதானம் என்ற திறந்த நிலத்தில் வீடு கட்டும் திட்டம் தொடர்பான சர்ச்சை வந்தபோது சிலர் கேட்கத் தொடங்கினார்கள். நாங்கள் கட்டும் பணத்தின் கணக்கு எங்கே? எங்களில் ஒருவர் நிற்க விரும்பினால் ஏன் நிற்க முடியாது? 2006இல் குடியிருப்போர் சிலர் சங்கத்தின் மீது வழக்குத் தொடுத்தார்கள். கணக்கைக் காட்டும் விஷயத்தில் அவர்களுக்கு ஓரளவு வெற்றி கிடைத்தது. தேர்தல் முறையில் 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சங்கத்தின் பக்கம் சாய்ந்தது, அப்போதைய மாநிலச் சட்டம் அதற்கு இடம் கொடுத்தது.

சட்டத்தில் இடமில்லை என்றால் சட்டத்தை மாற்றுவது என்று சிலர் விடாமல் நின்றார்கள். 2017இல் நியூஜெர்சி மாநிலம் குடியிருப்போர் சங்கங்களுக்கான சட்டத்தைத் திருத்தியது. வீட்டு உரிமையாளர்கள் சங்கத்தின் உறுப்பினர்கள், நிர்வாகக் குழுவுக்கு அவர்கள் போட்டியிடலாம், வாக்களிக்கலாம் என்று அது சொல்கிறது. மாநிலம் முழுவதுக்கும் பொருந்தும் அந்தச் சட்டத்தை வழக்கறிஞர்கள் இன்று ரேட்பர்ன் சட்டம் என்றே அழைக்கிறார்கள்.

இதில் எனக்கு இரண்டு மனம் இல்லை. மரம் நடுவதில் 1929இல் இருந்த தொலைநோக்கு, ஆளுகையிலும் இருந்திருக்க வேண்டும். நல்ல பூங்காவைக் கொடுத்துவிட்டால் மக்கள் கேள்வி கேட்காமல் இருப்பார்கள் என்று எதிர்பார்த்தது அந்தத் திட்டத்தின் மிகப் பெரிய குறை. சந்துப் பக்கக் கதவை வாசலாக்கிக்கொண்டவர்கள், சங்கத்தின் கதவையும் ஒருநாள் தட்டத்தான் செய்வார்கள்.

ரேட்பர்ன் 1975இல் அமெரிக்காவின் வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேட்டில் சேர்ந்தது, 2005இல் தேசிய வரலாற்றுச் சின்னமானது. சின்னம் ஆனாலும் அங்கே சுமார் மூவாயிரம் பேர் வாழ்கிறார்கள், ரயிலேறி வேலைக்குப் போகிறார்கள். ரேட்பர்ன் தொடக்கப்பள்ளி சங்கத்தின் சொத்து அல்ல, ஃபேர் லான் நகரின் பொதுப்பள்ளி. பெருங்கட்டத்துக்குள் இருக்கும் பிள்ளைகள் பூங்கா வழியாக நடந்து வருகிறார்கள். 1930களில் கைவிட்டுப்போன நிலத்தில் எழுந்த சாதாரணத் தெருக்களிலிருந்து வரும் பிள்ளைகள் சாலையோரம் நின்று, இரு பக்கமும் பார்த்து, கடந்து வருகிறார்கள்.